கேட் உள்ள வீடு

20 ஜூன், ஞாயிறு

தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நின்றேன். வந்தது ஹவுஸ் ஓனர். வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கிறது. அதில் இந்த மனுஷன் வேறு.

"தப்பா நெனச்சிக்காதம்மா. இந்த வூட்ட இடிச்சிட்டு ரூம் ரூமா கட்டப் போறேன். கம்பெனி பசங்க ஒரு ரூமுக்கு ஆறு பேரு வரான். ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடு. ஆடில நீயும் வூடு மாற மாட்ட. எனக்கு ஆவணில கடக்கால் போட்டாவணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. போகிற போக்கில் வாசல்படியில் படுத்திருந்த டோக்கனைப் பார்த்தார்.

"இத்த எங்கனா வுட்டுட்டு அப்பால வூடு தேடு. நாயி கீதுன்னா எவன் குடுப்பான்?"

டோக்கன் அவருக்கு வாலை ஆட்டியது. ஆள் பார்க்கத் தெரியாத நாய்.

இவர் ஓ.டி. முடிந்து வந்ததும் சொன்னேன். "பாப்போம்" என்றார். இவருக்கு எல்லாமே பாப்போம்தான். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதும் அவுக அம்மாவிடம் இதையேதான் சொன்னாராம்.

குழம்பு வைக்கவில்லை. ரசம், அப்பளம்.

22 ஜூன், செவ்வாய்

கம்பெனியில் வசந்தாவிடம் சொன்னேன். எனக்குப் பக்கத்து மெஷின், படப்பைக்காரி. கார் சீட்டுக்கு உறை தைக்கிற வேலை எங்களுக்கு. நான் ஓரம் தைப்பேன், அவள் முதுகு தைப்பாள்.

"வூடா பஞ்சம்? படப்பைல தெருத் தெருவா கட்டிப் போட்டுக்கீறாங்க. நாயிதான் இடிக்குது" என்றாள்.

வீட்டில் என்னென்ன இருக்கணும், சொல்லு, விசாரிக்கிறேன் என்றாள். சொன்னேன்.

கேட். கொக்கி போட்டு மூடுகிற கேட். இதுதான் முதல்.
சுத்தி சுவர், டோக்கன் தாண்டாத உயரத்துக்கு.
பகலில் படுக்கக் கொஞ்சம் நிழல்.
கோழி வளர்க்காத வீட்டுக்காரர்.

"அடுப்படி?" என்றாள். மறந்தே போயிருந்தது. லைன் முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

டோக்கன் கிடைத்ததே இந்தக் கம்பெனியில்தான். கேண்டீன் பின்னால் சாக்கடையோரம் திரிந்த குட்டி. என் கையிலிருந்த சாப்பாட்டு டோக்கனைக் கவ்விக்கொண்டு ஓடியது. பிடிப்பதற்குள் பாதியைத் தின்றுவிட்டது. மீதியைக் காட்டினால் கேண்டீன்காரர் சோறு போட மாட்டேன் என்றார். கோபத்தில் அந்தக் குட்டியைத் தூக்கி டிபன் பையில் போட்டு பஸ்ஸில் ஏற்றி வந்துவிட்டேன். இதை ஒருத்தரும் நம்புவதில்லை.

27 ஜூன், ஞாயிறு

இவரும் நானும் ஸ்ரீபெரும்புதூர் போனோம். புழுக்கம். டோக்கனை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிப் போனோம்.

முதல் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. நல்ல வீடு, கிணறு இருக்கிறது. அந்த அம்மா எல்லாம் காட்டினார். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பேர். நான் நாயைச் சொன்னேன். முகம் அப்படியே மாறியது. "பூஜை பண்ற வீடும்மா. நாய் நடமாடினா சரிப்படாது." அதற்கப்புறம் கொல்லைப்பக்கத்தைக் காட்டவில்லை.

இரண்டாவது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். சிமெண்ட் ஷீட் போட்ட ரூம். உள்ளே போனால் இட்லிப் பானைதான். வீட்டுக்காரர், "நாயி இருந்தா எனக்கு இன்னா? ஆனா கோழி கீது. ஒரு கோழிக்கு ஒன்னு ஆச்சுன்னா பேஜாராயிடும்" என்றார். கோழிகள் வாசல் பூராவும். டோக்கன் இந்த வாசலைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சந்தோஷப்படும். வேண்டாம்.

திரும்பும்போது இவர், "முதல்லயே ஏன் நாயச் சொல்லுத? அட்வான்ஸ் குடுத்துட்டுப் பெறவு சொன்னா என்ன?" என்றார்.

"பெறவு வெளிய போன்னா எங்க போறது?"

 ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். பாவம், வாரம் முழுக்க தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் நின்றே வேலை.

வீட்டைத் திறந்தால், டோக்கன் என் பழைய சேலையை இழுத்துப் போட்டு அதன் மேல் படுத்திருந்தது. திட்டினேன். எழுந்திருக்கவே இல்லை.

30 ஜூன், புதன்

சாயந்திரம் திடீர் மழை. பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருமுனையில் டோக்கன் நனைந்துகொண்டு நிற்கிறது. மற்ற கம்பெனி பஸ்ஸுக்கு எழுந்திருக்காது. எங்கள் பஸ் ஹாரன் மட்டும் அதற்குத் தெரியும்.

வழியில் டீக்கடைக்காரர், "கட்டிப் போடும்மா. எங்க நாயி இதே எடத்துலதான் ட்ரெய்லர்ல போச்சு" என்றார். எனக்கும் தெரியும். கார் ஏற்றிக்கொண்டு போகிற அந்த நீள லாரிகளுக்கு நாயும் தெரியாது, ஆளும் தெரியாது. அதனால்தான் கேட் கேட் என்று அடித்துக்கொள்கிறேன்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். யார் படிக்கப் போகிறார்கள்.

போன தையில் எனக்குக் கலைந்தது. மூணு மாசம். ஊரிலிருந்து ஆள் வந்தால் பேச்சு வளரும் என்று இவர் ஊருக்குச் சொல்லவில்லை. லீவும் கிடைக்கவில்லை இவருக்கு. பகலெல்லாம் நான் பாயில் கிடந்தேன். டோக்கன் என் கால்மாட்டில். வைத்த சோற்றைத் தொடவில்லை. நான் எழுந்து கஞ்சி குடித்த அன்றைக்குத்தான் அதுவும் சாப்பிட்டது. இப்படி ஒரு ஜீவனை எங்கனா வுட்டுடு என்கிறார்கள். என்னால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

துணி காயவில்லை. நாளைக்கு யூனிபார்ம் ஈரமாகத்தான் போட வேண்டும்.

2 ஜூலை, வெள்ளி

ஷிப்ட் முடிந்து வசந்தா ஷேர் ஆட்டோவில் படப்பைக்குக் கூட்டிப்போனாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் வீடு. கேட் உண்டு. முருங்கை மரம், நிழல். கோழி இல்லை. மனசுக்குள் டோக்கனை அந்த மரத்தடியில் படுக்கவே வைத்துவிட்டேன். வீட்டுக்காரரும் நாய் இருந்தால் காவலுக்கு நல்லது என்றார். அப்புறம் கேட்டார்:

"கடுவனா, பொட்டையா?"

பொட்டை என்றேன்.

"ஐயோ, பொட்ட நாயா? தெருவுல கீற கடுவன் எல்லாம் வாசல்ல வந்து நிக்கும். வருசத்துக்கு ரெண்டு தபா குட்டி போடும். வேணாம்மா."

மாட்டாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துவிடலாம், கேட்டு வைத்திருக்கிறேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் வசந்தா, "கடுவன்னு சொல்லிருக்கலாம் இல்ல? வந்தா தூக்கியா பாக்கப் போறாரு?" என்றாள். சிரித்துவிட்டேன். ஷேர் ஆட்டோ ஏறியதும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்று கேட்டார்.

4 ஜூலை, ஞாயிறு

சண்டை. பெரிய சண்டை.

காலையில் இவரும் நானும் போய்ப் பார்த்தது ஒரகடம் போகிற ரோட்டில் புது பிளாட். வீட்டுக்காரர் சின்ன வயசு. "நாயா? இன்னாவேணா வெச்சிக்கங்க. வாடக வந்தா போதும்" என்றார். இவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் வெளியே வந்து பார்த்தேன். சுவர் இல்லை, கேட் இல்லை, நாலு எட்டு வைத்தால் ரோடு. நான் நின்ற நேரத்துக்குள் எத்தனை லாரி. நாய்க்குச் சரி என்று சொன்ன ஒரே வீடு, நாய் செத்துப்போகிற வீடு.

வேண்டாம் என்றேன்.

இவர் என்னை விட்டு முன்னால் நடந்தார். உள்ளே வந்ததும், "நீ நாய்க்கு வீடு பாக்கியா, நமக்குப் பாக்கியா?" என்றார்.

"ரெண்டுக்குந்தான்."

"இன்னும் ரெண்டு வாரத்துல ஆடி. சாமானத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிப்பமா? ஒவ்வொரு வாசலா நின்னு நாய் இருக்கு நாய் இருக்குன்னு சொல்லி, அவன் மூஞ்சியச் சுளிக்கத நான் பாத்துக்கிட்டு நிக்கணும். பிச்சைக்குப் போன மாதிரி இருக்கு எனக்கு."

நானும் விடவில்லை. பாயில் நான் கிடந்தபோது யார் இருந்தது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டோக்கன் வாசல் வரை பின்னால் போய், அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

6 ஜூலை, செவ்வாய்

வீடு கிடைத்துவிட்டது!!

ஓ.டி. முடிந்து நான் வருவதற்குள் இவர் வந்து அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டிருந்தார். அப்போதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. படப்பையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே. வீட்டம்மா பெயர் அமுதாவாம், முன்பக்கம் அவர், பின்பக்கம் நாம். அட்வான்ஸும் கொடுத்துவிட்டாராம்.

"கேட்?"

"இரும்பு கேட். கொக்கி இருக்கு. சுவரு உன் நெஞ்சு உயரம்."

"டோக்கனச் சொன்னீகளா?"

டீயை ஆற்றிக்கொண்டே, "சொன்னேன். சரின்னுட்டாக" என்றார்.

"பொட்டன்னு?"

"எல்லாம் சொன்னேன்ட்டி."

அந்த அம்மா மகள் பிரசவத்துக்குக் காஞ்சிபுரம் கிளம்பிக்கொண்டிருந்தாராம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அப்புறம்தான் பார்க்க முடியும். பரவாயில்லை. முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு நூறு கும்பிடு. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசினதுக்கு மன்னிப்பு கேட்டேன். "விடு" என்றார். நல்ல மனுஷன். நான்தான் வாய்.

9 ஜூலை, வெள்ளி

புது வீட்டில் பால் காய்ச்சினோம். வசந்தா வந்தாள், சர்க்கரை வாங்கி வந்தாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி முதலில். அப்புறம் மினி லாரியில் சாமான்.

கேட்டைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தேன். கனமான கேட். கொக்கி சரியாக விழுகிறது. கொல்லையில் சப்போட்டா மரம், அதன் அடியில் கல்தொட்டி ஒன்று, தாழ்வாக. டோக்கனுக்குத் தண்ணி வைக்க அளவெடுத்துச் செய்த மாதிரி. கழுவி நிரப்பி வைத்துவிட்டேன்.

டோக்கனை இன்றைக்கே கூட்டி வந்திருக்கலாம். இவர் வேண்டாம் என்றார். லாரியில் ஏற்றினால் வழி பார்த்துக்கொள்ளுமாம். பழைய வீட்டுக்கே ஓடிவிடுமாம். "ஞாயித்துக்கெழம நான் வண்டில கோணிக்குள்ள வச்சுக் கொண்டாரேன். கண்ணு மறைஞ்சாத்தான் வழி தெரியாது."

எங்கள் ஊரில் பூனையை அப்படித்தான் கொண்டு விடுவார்கள், வசந்தாவும் நாய்க்கும் அதுதான் முறை என்றாள். பழைய வீடு இருக்கிற மண்ணூருக்குப் போகிற வழியெல்லாம் லாரி. வழி தெரியாமல் இருப்பதுதான் நல்லது. சரி என்றேன். இவர் கம்பெனி அந்தப் பக்கம் என்பதால் ரெண்டு நாள் சோறு இவரே வைப்பார். பழைய வீட்டு வராந்தாவில் கட்டிவிட்டு வந்தோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் குரைக்கும்.

10 ஜூலை, சனி

அரை நாள் வேலை. சீட் முதுகுப் பைக்கு வெட்டின நெட் துணி, மீந்தது, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

கோணியைத் துவைத்துக் காயவைத்து, மூக்கு வருகிற இடத்தில் வட்டமாக வெட்டி அந்த நெட்டை வைத்துத் தைத்தேன். கையால்தான், ஆனால் ரெட்டைத் தையல். மூச்சு முட்டாது, வெளியேயும் தெரியாது. உள்ளே என் பழைய சேலைத் துண்டு, வாசனைக்கு. வாய்க்கட்டுக்கு நாடா. இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு இம்புட்டு?" என்றார். 

"உங்கள ஒரு கோணில போட்டா தெரியும்" என்றேன். சிரிக்கவில்லை. முகம் வாடிக் கிடக்கிறது, தூக்கம் போதவில்லை போல.

வசந்தாவின் புருஷனிடம் வண்டி கேட்டிருக்கிறோம். நாளைக் காலை தருகிறார்.

11 ஜூலை, ஞாயிறு

காலை: கறி எடுத்தேன். எலும்பு தனியாக. வாசல் தெளித்தாச்சு. இவர் கிளம்பிப் போனார்.

மத்தியானம்: இன்னும் காணோம்.

சாயந்திரம். இவர் மட்டும் வந்தார்.

ஒரகடம் கூட்ரோடு கிட்ட தையல் பிரிந்து குதித்து ஓடிவிட்டதாம். லாரிச் சத்தத்தில் மிரண்டுவிட்டதாம். தேடித் தேடிப் பார்த்தாராம்.

தையல் பிரிந்தது.

நான் போட்ட தையல்.

12 ஜூலை, திங்கள்

லீவு. கூட்ரோட்டில் இறங்கிப் பக்கத்துத் தெருவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன். டோக்கன், டோக்கன் என்று ரோட்டில் கத்தினால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள். ஒரு கடைக்காரர், "இன்னா டோக்கன்மா, ரேஷனா?" என்றார். மண்ணூரில் பழைய வீடு வரைக்கும் போனேன். ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். வராந்தாவில் அது கடித்த கயிறு மட்டும்.

இவரும் வருகிறேன் என்றார். உடம்பு முடியலையே, படுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

13 ஜூலை, செவ்வாய்

வேலைக்குப் போனேன். இல்லாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். ஓரம் தைக்கும்போதெல்லாம் கை நிற்கிறது. கார் சீட்டுக்கு இத்தனை இழுத்து இழுத்துப் பார்த்துத் தைக்கிறேன், இதற்குச் சரியாகப் போடத் தெரியவில்லை. ரெட்டைத் தையலை முடியும்போது முடிச்சு விழவில்லையோ. வெயிலில் நூல் இற்றிருக்குமோ.

ஷிப்ட் முடிந்து மறுபடி கூட்ரோடு. ரோட்டோரம் ஏதாவது கிடக்கிறதா என்றும் பார்த்தேன். பார்க்கப் பயம், பார்க்காமலும் முடியவில்லை. ஒன்றும் இல்லை. அதுவே நல்லது.

14 ஜூலை, புதன்

வசந்தா ஒரு பையைக் கொடுத்தாள். "வண்டிப் பொட்டில இருந்துச்சு பேச்சி. உன் கோணிதான இது?"

என் கோணிதான்.

நெட் அப்படியே இருக்கிறது. சுற்றி இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு நூல் பிரியவில்லை. வாய் நாடா அறுபடவில்லை, அவிழ்த்திருக்கிறது. சேலைத் துண்டையும் உள்ளே வைத்து நாலாக மடித்திருக்கிறார். மடித்து வைக்கிற பழக்கம் அவருக்கு மட்டும்தான் உண்டு, சட்டை, பேப்பர், எல்லாம்.

மிரண்டு ஓடின நாயைத் துரத்தப் போனவர் கோணியை மடிப்பாரா?

இன்றைக்கு இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. உப்புமா கிண்டினேன், உப்புப் போடவில்லை, அவரும் அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

15 ஜூலை, வியாழன்

காலையில் வீட்டம்மா வந்துவிட்டார். அமுதாக்கா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், பெரிய குரல். மகளுக்குப் பெண் குழந்தை. கற்கண்டு கொடுத்தார். நான் அழுதிருந்தது முகத்தில் தெரிந்திருக்கும்போல.

"இன்னாம்மா, புது வூட்டுக்கு வந்து கண்ணக் கசக்கினு கீற?"

"நாய் காணாமப் போயிட்டுக்கா. இவுக உங்ககிட்ட சொன்னாகள்ல, அந்த நாய்."

"நாயா? எந்த நாயி? உங்க வூட்டுக்காரு ஒன்னியும் சொல்லலியே. நாங்க ரெண்டே பேருதான்னாரு. அதோட சரி."

கையிலிருந்த கற்கண்டைச் சுவர் மேல் வைத்தேன்.

"ஐயே, நாயி இருந்தா இட்னு வர்றதுதான? எங்க வூட்டு நாயி பங்குனில செத்துச்சு, வயசாயி. அந்தக் கல்தொட்டி அதோடதுதான். வேற ஒன்னு கெடச்சா தேவலன்னு நானே தெருவெல்லாம் சொல்லி வெச்சிக்கீறேன்."

பொட்டை நாய் என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"செத்துப்போனதும் பொட்டதாம்மா."

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் ஏறவில்லை.

16 ஜூலை, வெள்ளி

கோணியை இவர் முன்னால் வைத்தேன். அமுதாக்கா சொன்னதையும் சொன்னேன். கோணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"கேட்டா இல்லம்பாகன்னு நெனச்சேன். எல்லா வாசல்லயும் அதத்தான சொன்னாக. அந்த வீட்டப் பாத்ததும் உனக்குப் பிடிக்கும்னு தெரிஞ்சுபோச்சு. கேட்டு, சுவரு, மரம். இதயும் நாயச் சொல்லிக் கெடுத்துக்கிட வேண்டாம்னு வாய மூடிக்கிட்டேன். ஒரகடம் தாண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டு போனேன். தண்ணியத் தாண்டிட்டா வாசம் பிடிக்காதும்பாக. ரெண்டு மூணு தெருவு சுத்திச் சுத்திப் போனேன், தெச தெரியக் கூடாதுன்னு."

"அது என்ன செஞ்சிச்சு?"

"கோணிய அவுத்தேன். ஓடல. வண்டி பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. பன்னு வாங்கிட்டுப் போயிருந்தேன், தூரமா வீசினேன். எடுக்கப் போகல. வண்டிய ஸ்டார்ட் பண்ணினேன், பின்னால ஏறப் பாத்துச்சு பேச்சி."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவரைத் தொடத் தோன்றவில்லை.

மிரண்டு ஓடியிருந்தால்கூட மனசு ஆறும். தையல் பிரிந்திருந்தால்கூட ஆறும். ரெண்டு நாள் என்னைத் தப்பான ரோட்டில் தேட விட்டிருக்கிறார். டோக்கனும் அந்த ரெண்டு நாளும் ஏரிப் பக்கம் நின்றிருக்கும். ஒரு வார்த்தை. அமுதாக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

இவரை வெறுக்கவும் வரவில்லை. வாசல் வாசலாக அவரை நிற்க வைத்தது நான்தானே.

17 ஜூலை, சனி

ஆடி பிறந்தாச்சு. காற்று. ரோட்டு மண் எல்லாம் கண்ணில்.

ரெண்டு பேரும் ஏரிக்குப் போனோம்.  இடத்தைக் காட்டினார். கருவேல மரம், பக்கத்தில் ஒரு உடைந்த மதகு. பன் போட்ட இடத்தில் காக்கா கூட இல்லை.

ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வந்தார். செவலை நாய், காது ஒன்று மடங்கி, கழுத்தில் நீலத் துணி என்று சொன்னேன்.

"அதுவா? இங்கதான் நின்னுகினு இருந்துச்சு. போவவே இல்ல. நான் கூழு ஊத்தினேன், குடிக்கல. வண்டி சத்தம் கேட்டா மட்டும் எழுந்து ரோட்டாண்ட ஓடும், பாக்கும், திரும்பி இதே மரத்தடிக்கு வந்துடும். புதங்கெழம வரிக்கும் பாத்தேன். அப்பால காணோம்."

புதன்கிழமை நான் கோணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப் பயந்து உப்புமா கிண்டினேன்.

ஏரியைச் சுற்றிக் கூப்பிட்டோம். நான் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். இவர் டோக்கன் என்று கூப்பிடுகிற சத்தம் தண்ணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. தொண்டை கட்டுகிற வரை கூப்பிட்டார். சேலைத் துண்டை அந்த மரத்தடியில் விரித்து, ஒரு கல் வைத்துவிட்டு வந்தேன்.

18 ஜூலை, ஞாயிறு

தண்ணி வந்தது. எல்லாக் குடமும் நிரம்பியது. கல்தொட்டியையும் நிரப்பினேன், கை பழக்கம்.

ஆடிக் காற்று ஓயவில்லை. வாசல் கேட் படார் படார் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அமுதாக்கா கொக்கி போட வந்தார். "இன்னா சத்தம், கொழந்த வந்தா தூங்காது" என்றார்.

"போடாதீகக்கா. வந்தாலும் வரும்" என்றேன்.

வழி தெரியாம எப்படிம்மா வரும் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

இவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். கொல்லையிலிருந்து ஒரு செங்கல் எடுத்து வந்து, கேட் மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்தார்.

கேட்டுக்காக எடுத்த வீடு.